ஊழிய அழைப்பு: எழுந்து நின்றவருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கன்வென்ஷன் கூட்டத்தின் கடைசி இரவு எப்படி முடியும் என்று உங்களுக்குத் தெரியும். செய்தி முடிந்ததும் கீபோர்டு மெதுவாக ஒலிக்கும். பேசியவர் குரலைத் தாழ்த்தி, “கர்த்தருடைய ஊழியத்துக்கு உங்களை ஒப்புக்கொடுக்கிறவர்கள் எழுந்து நில்லுங்கள்” என்பார். நான் மூன்று வருடம் தொடர்ந்து எழுந்து நின்றவன். முதல் வருடம் அழுதேன். இரண்டாம் வருடமும் அழுதேன். மூன்றாம் வருடம் கூட்டம் முடிந்து சாப்பாட்டு வரிசையில் நின்றபோது போதகருக்குத் துணையாகச் சபையைக் கவனிக்கிற எங்கள் ஊர் உபதேசியார் பின்னால் வந்து தோளில் கை வைத்தார்.

“ஏலே, நீ போன வருசமும் நின்னியே. அதுக்கு முந்துன வருசமும் நின்ன. நடுவுல என்னல செஞ்ச?”

பதில் சொல்ல ஒன்றும் இல்லை. அவர் திட்டவும் இல்லை. “ஞாயித்துக்கெழம காலைல ஏழரைக்கு வந்துரு. ரெண்டாங் கிளாஸுக்கு வாத்தியார் இல்ல” என்று சொல்லிவிட்டுத் தன் தட்டை நீட்டிக் கொண்டு முன்னால் போய்விட்டார். முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. இன்னும் ஞாயிறு பள்ளியின் அந்த இரண்டாம் வகுப்பில்தான் வாத்தியாராக இருக்கிறேன்.

அழைப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அந்த ஒரு இரவைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அடுத்த நாள் காலை என்ன செய்வது என்று சொல்ல ஆள் இல்லை. வாலிபப் பிள்ளைகள் என்னிடம் வந்து கேட்கும்போது நான் சொல்வதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். நான் தென்னிந்தியத் திருச்சபையில் வளர்ந்தவன், அதனால் சேகரம் (ஒரு குருவின் கீழ் இருக்கிற சபைகள்), திருமண்டலம் (ஒரு பேராயரின் கீழ் இருக்கிற சேகரங்கள்) என்றே பேச்சு வரும். உங்கள் சபையில் பெயர்கள் வேறாக இருக்கலாம், வேலை ஒன்றுதான்.

முதல் படி: எதற்கு அழைப்பு என்று பிரித்துப் பாருங்கள்

நம் ஊரில் “ஊழியம்” என்றால் வெள்ளை அங்கி, மைக், கையில் பெரிய வேதாகமம். “முழுநேர ஊழியம்” என்ற சொல் வந்த பிறகு மற்றவர்கள் எல்லாம் அரைநேரக் கிறிஸ்தவர்கள் என்பது போல ஆகிவிட்டது. வேதத்தில் அப்படி இல்லை. யாத்திராகமம் 31ஆம் அதிகாரத்தில் பெசலெயேல் என்பவனைத் தேவ ஆவியினால் நிரப்பினேன் என்று கர்த்தர் சொல்கிறார். எதற்காக? பொன் வேலை, வெள்ளி வேலை, வெண்கல வேலை, கல் பதிக்க, மரம் செதுக்க. அவன் ஒரு பிரசங்கமும் செய்ததாக எழுதப்படவில்லை. அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தில் ஏழு பேரைத் தெரிந்தெடுத்தது விதவைகளுக்கு அன்றாடச் சாப்பாடு ஒழுங்காகப் போய்ச் சேருவதற்காக.

எனவே முதலில் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாக வையுங்கள். கிறிஸ்துவுக்குச் சொந்தமானவராக வாழ எனக்கு அழைப்பு உண்டா? ஞானஸ்நானம் பெற்ற எல்லாருக்கும் உண்டு. அதற்குச் சொப்பனம் தேவையில்லை. இந்த வேலைக்கு, இந்த இடத்துக்கு, இந்த மக்களிடம் என்று எனக்குத் தனியாக ஒரு அழைப்பு உண்டா? சோதித்துப் பார்க்க வேண்டியது இரண்டாவதைத்தான். கீழே வரும் படிகள் எல்லாம் அதற்கு.

இரண்டாம் படி: எழுதி வையுங்கள்

நூறு பக்க நோட்டு ஒன்று போதும். எந்தத் தேதியில், எங்கே, எந்த வசனத்தின் வழியாக, யார் சொன்னதன் வழியாக இந்த எண்ணம் வந்தது என்று எழுதுங்கள். அப்புறம், அந்த வாரம் உங்கள் வாழ்க்கையில் வேறென்ன நடந்துகொண்டிருந்தது என்பதையும் எழுதுங்கள். இது சங்கடமான பகுதி. பரீட்சையில் தவறியிருந்தீர்களா? வேலை போயிருந்ததா? பெண் வீட்டில் வேண்டாம் என்றார்களா? இவற்றில் ஒன்று இருந்தால் அழைப்பு பொய் என்று ஆகிவிடாது. உசியா ராஜா செத்துப்போன வருடத்தில்தான் ஏசாயா ஆலயத்தில் அந்தத் தரிசனத்தைக் கண்டார். துக்க வருடத்திலும் தேவன் பேசுவார். ஆனால் ஓடி ஒளிய இடம் தேடுகிறோமா, அனுப்பப்பட்டுப் போகிறோமா என்று நமக்கே தெரிய வேண்டும்.

எங்கள் பக்கத்தில் இன்னொரு சிக்கல் உண்டு, பொருத்தனை. பிள்ளைக்கு மூன்று வயதில் டைபாய்டு காய்ச்சல் வந்திருக்கும். “பிழைச்சா ஊழியத்துக்கு விடுறேன் ஆண்டவரே” என்று தாய் சொல்லியிருப்பார். பையனுக்கு இருபது வயதாகும்போது வீட்டில் எல்லாரும் அவனைப் பார்க்கிற பார்வையே வேறு. அன்னாளை எடுத்துக்காட்டுவார்கள். சரிதான், அன்னாள் சாமுவேலை ஆலயத்தில் விட்டாள். ஆனால் அதோடு கதை முடியவில்லை. பின்னால் ஒரு ராத்திரியில் கர்த்தர் சாமுவேலையே பெயர் சொல்லிக் கூப்பிட்டார், சாமுவேலே பதில் சொல்ல வேண்டியிருந்தது. அம்மாவின் பொருத்தனையை மதியுங்கள், அதற்காக அவருக்கு நன்றி சொல்லுங்கள், ஆனால் நோட்டில் அதை அம்மாவின் பெயரிலேயே எழுதுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சாமுவேலுக்கு முதல் மூன்று முறை கேட்டது ஆலயத்தின் ஆசாரியர் ஏலியின் குரல் போலவே இருந்தது. ஓடி ஓடி ஏலியிடம் போய் நின்றான். கண் மங்கிப்போன, தன் சொந்தப் பிள்ளைகளையே அடக்காத ஏலிதான் அது யார் குரல் என்று கண்டுபிடித்து, “சொல்லும், அடியேன் கேட்கிறேன்” என்று பதில் சொல்லக் கற்றுக்கொடுத்தார். குறையுள்ள பெரியவர்கள் மூலமாகவும் நமக்குத் தெளிவு வரும். நான்காம் படியில் இதற்குத் திரும்பி வருகிறேன்.

மூன்றாம் படி: வேலையை விடாதீர்கள், ஒரு சாவியை வாங்குங்கள்

திங்கட்கிழமை ராஜினாமா கடிதம் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். ஒருவர் நன்றாக இருக்கிறார். மற்றவர்களைப் பற்றி எழுத விருப்பமில்லை. ஒரு வருடம் பொறுங்கள். நெகேமியா எருசலேமின் அலங்கம், அதாவது மதில், இடிந்த செய்தியைக் கேட்டது கிஸ்லேவு மாதத்தில். ராஜாவிடம் வாய் திறந்தது நிசான் மாதத்தில். நடுவில் நான்கு மாதம் உபவாசமும் ஜெபமும், அதோடு ராஜாவுக்குத் திராட்சரசம் ஊற்றிக் கொடுக்கிற பழைய வேலையும். அந்த நான்கு மாதத்தில் அவர் கணக்கும் போட்டிருக்க வேண்டும். ராஜா கேட்டவுடன் எத்தனை நாள் வேண்டும், எந்த அதிபதிகளுக்குக் கடிதம் வேண்டும், எவ்வளவு மரம் வேண்டும் என்று சொல்ல முடிந்ததே!

சரி, அந்த ஒரு வருடத்தில் என்ன செய்வது? “உக்கிராணக்காரன் உண்மையுள்ளவனென்று காணப்படுவது அவனுக்கு அவசியமாம்” என்று கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில் பவுல் சொல்கிறார். இந்த உக்கிராணம் என்ற சொல் புரிய வேண்டுமானால் அகராதியைவிட நம் ஊர் அசனத்துக்கு, அதாவது சபையார் எல்லாரும் கூடிச் சாப்பிடுகிற விருந்துக்கு, போவது நல்லது. ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகைக்கு அசனம் நடக்கும்போது ஒரு அறையில் அரிசி மூட்டை, பருப்பு, எண்ணெய் டின், வத்தல், தேங்காய் எல்லாம் அடுக்கி வைத்திருப்பார்கள். வாசலில் ஒருவர் சாவியோடு உட்கார்ந்திருப்பார். சமையல்காரர் வந்து கேட்டால் அளந்து கொடுப்பார், நோட்டில் எழுதுவார். அரிசி அவருடையது இல்லை. சமைப்பதும் அவர் இல்லை. பந்தியில் முதலில் உட்காருவதும் இல்லை. கடைசிப் பந்தியில் சாம்பாரில் காய் இல்லாத நேரத்தில்தான் சாப்பிடுவார். அவரிடம் ஊர் எதிர்பார்ப்பது ஒன்றே ஒன்று, கணக்கு சரியாக இருக்க வேண்டும். ஊருக்குள் யாரிடம் அந்தச் சாவியைக் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். பாட்டுப் பாடத் தெரிந்தவரிடமோ நன்றாகப் பேசுகிறவரிடமோ கொடுப்பதில்லை. பல வருடம் பார்த்துப் பழகிய ஒருவரிடம்தான் கொடுப்பார்கள்.

உங்களுக்கும் அப்படி ஒரு சாவி வேண்டும். அதற்கு நான் சொல்லும் நிபந்தனைகள் மூன்று. வேலைக்குக் குறித்த நாளும் நேரமும் இருக்க வேண்டும். மேடையில் ஏறாத வேலையாக இருக்க வேண்டும். நீங்கள் வராவிட்டால் ஒருவர் “ஏன் வரவில்லை” என்று கேட்க வேண்டும்.

என்ன வேலை என்று தேட வேண்டாம், எல்லாச் சபையிலும் காலியாகக் கிடக்கிறது. ஆலயத்துக்கு வர முடியாமல் படுத்திருக்கிற பெரியவர்கள் வீட்டுக்கு வாரம் ஒருமுறை போய் ஒரு சங்கீதம் வாசித்து அரை மணி நேரம் அவர்கள் பேசுவதைக் கேட்பது. (பேசுவதை அல்ல, கேட்பதை எழுதியிருக்கிறேன்.) போதகர் ஐயா வீடுகளில் திருவிருந்து கொடுக்கப் போகும்போது பை தூக்கிக்கொண்டு கூடப் போவது. விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு வண்ணக் காகிதம் வெட்டுவது. அறுப்பின் பண்டிகை ஏலம் முடிந்த மறுநாள் கீரைத் தண்டும் வாழைச் சருகும் கிடக்கிற வளாகத்தைப் பெருக்குவது. அரசு மருத்துவமனையில் கூட ஆள் இல்லாத நோயாளிக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுத்து மருந்துச் சீட்டோடு வரிசையில் நிற்பது. அங்கே போனால் ஜெபிக்கட்டுமா என்று கேளுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். வேண்டாம் என்றவருக்கும் அதே சாப்பாட்டை வாங்கிக் கொடுங்கள்.

பிள்ளைகளோடு வேலை என்றால் ஒரு கண்டிப்பு. அறைக் கதவு திறந்திருக்கட்டும், இரண்டாவது பெரியவர் ஒருவர் கூட இருக்கட்டும். எந்தப் பிள்ளையையும் தனியாக வண்டியில் ஏற்றிக்கொண்டு போகாதீர்கள். உங்கள்மேல் சந்தேகப்பட்டு இதைச் சொல்லவில்லை. பெற்றோர் நம்பி அனுப்புகிறார்கள், அந்த நம்பிக்கைக்கும் கணக்குக் கொடுக்க வேண்டியவர் நீங்கள்.

முதல் இரண்டு மாதம் உற்சாகமாக இருக்கும். நான்காவது மாதம் மழை பெய்யும், பஸ் வராது, பிள்ளைகள் மூன்று பேர் மட்டும் வருவார்கள். என் வகுப்பில் ஒரு ஞாயிறு ஒரே ஒரு பையன் வந்தான், அவனும் அம்மை போட்டு ஆறிய தழும்போடு. அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பியிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இந்த மாதிரி ஞாயிறுகளில் என்ன செய்தீர்கள் என்பதை நோட்டில் எழுதுங்கள். வருட முடிவில் திருப்பிப் பார்க்கும்போது கூட்டத்தில் அழுத பக்கத்தைவிட இந்தப் பக்கங்கள் அதிகம் பேசும்.

நான்காம் படி: மற்றவர்கள் வாயால் கேளுங்கள்

அந்தியோகியாவில் பரிசுத்த ஆவியானவர் “பர்னபாவையும் சவுலையும் பிரித்துவிடுங்கள்” என்று சொன்னது சபையாரிடம். இந்தச் சவுல்தான் பவுல், அவருக்குத் தமஸ்கு வழியிலேயே அழைப்பு வந்துவிட்டது உண்மைதான். ஆனாலும் அந்தியோகியச் சபை உபவாசித்து, ஜெபித்து, கைகளை வைத்து அனுப்பிய பிறகுதான் அந்த முதல் பயணம் புறப்பட்டது. கலாத்தியருக்கு அவர் எழுதியதைப் பார்த்தால் நடுவில் எத்தனை வருடம் ஓடியிருக்கிறது என்று தெரியும்.

நம் மண்ணிலேயே ஆரோன் இருக்கிறார். தரங்கம்பாடிக்கு ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் வந்தது 1706இல். ஆரோன் அவரிடம் ஞானஸ்நானம் பெற்றது 1718இல். அதன் பிறகு உபதேசியாராக ஊர் ஊராக நடந்தார். குருப்பட்டம் கிடைத்தது 1733 டிசம்பரில். இந்தியாவின் முதல் புராட்டஸ்டண்ட் குரு என்று இன்று சொல்கிறோம். அந்தப் பதினைந்து வருடத்தை அவர் அடையாளம் தெரியாத ஒரு உதவியாளராகத்தான் கழித்தார்.

ஆகவே மூன்று பேரிடம் கேளுங்கள். ஒருவர் உங்கள் போதகர் அல்லது சேகர குரு. இரண்டாவது, உங்களோடு ஒரே வீட்டில் இருப்பவர்: கணவன், மனைவி, அம்மா, அண்ணன், யாராவது. கோபத்தில் நீங்கள் எப்படிப் பேசுவீர்கள் என்று போதகருக்குத் தெரியாது, இவருக்குத் தெரியும். மூன்றாவது, உங்களைப் பெரிதாக மெச்சாத ஒருவர். “எனக்கு ஊழிய அழைப்பு இருக்கிறதா” என்று கேட்டால் எல்லாரும் “ஆமென்” என்றுதான் சொல்வார்கள், அதில் பயன் இல்லை. வேறு மாதிரி கேளுங்கள். நான் எந்த வேலையைச் செய்யும்போது மற்றவர்களுக்கு உண்மையில் உதவியாக இருந்திருக்கிறது? எதைத் தொட்டுக் கெடுத்தேன்? என்னிடம் பணம் கொடுத்து வைப்பீர்களா? என்னிடம் ஒரு ரகசியம் சொல்வீர்களா?

நான் கேட்டபோது என் அக்கா, “நீ பேசுறது நல்லாத்தான் இருக்கு, ஆனா அடுத்தவங்க பேசும்போது நீ உன் அடுத்த வரிய யோசிச்சுக்கிட்டிருப்ப” என்றாள். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. பிறகு வீட்டு ஜெபங்களுக்குப் போகும்போது வேதாகமத்தை மூடி வைத்துவிட்டு முதல் பதினைந்து நிமிடம் வாயைத் திறப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். இன்னும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

தேவை இருக்கிற இடமும் ஒரு குரல்தான் என்பதைச் சொல்லாமல் விட முடியாது. ஐடா ஸ்கடர் ராணிப்பேட்டையில் பிறந்தவர், மருத்துவ மிஷனரிக் குடும்பம். அந்த வேலையே வேண்டாம் என்று இருந்தார். 1890இல் திண்டிவனத்தில் பெற்றோரோடு தங்கியிருந்தபோது ஒரே இரவில் மூன்று ஆண்கள் வந்து கதவைத் தட்டினார்கள். மூவர் மனைவிக்கும் பிரசவ வேதனை, பெண் மருத்துவர் வேண்டும். ஐடாவின் தகப்பனார் மருத்துவராக இருந்தும் ஆண் என்பதால் அவர் வருவதை ஒப்புக்கொள்ளவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அவருக்கு வந்த அழைப்பு அதுதான். பின்னால் அவர் தொடங்கிய வேலூர் மருத்துவமனைக்குப் போகிற பலருக்கும் இந்தக் கதை தெரியும். அடுத்து நடந்ததைத்தான் யாரும் சொல்வதில்லை, அது ஆறாம் படியில்.

ஐந்தாம் படி: வீட்டுக் கணக்கு, பணக் கணக்கு

கோபுரம் கட்டுகிறவன் முன்பே உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கமாட்டானா என்று கேட்டவர் இயேசு. எனவே விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். ஒரு தாளில் எழுதுங்கள்: வங்கிக் கடன் எவ்வளவு, நகை அடகில் இருக்கிறதா, அப்பா அம்மாவுக்கு மருந்துச் செலவு யார் பார்க்கிறார்கள், தங்கை கல்யாணம் எப்போது, பிள்ளைகள் எந்த வகுப்பு. தன் வீட்டாரை விசாரியாதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்று தீமோத்தேயுவுக்கு எழுதியிருக்கிறதே, அதுவும் ஊழியக்காரனுக்கு எழுதிய கடிதம்தான்.

மனைவிக்கோ கணவனுக்கோ மனமில்லை என்றால் நிறுத்துங்கள். “ஆண்டவர் என்னோடு பேசிவிட்டார்” என்பதை வைத்து வீட்டில் வாயடைக்கிற ஆண்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வீட்டுப் பிள்ளைகள் பிறகு ஆலயப் பக்கம் வராமல் போனதையும் பார்த்திருக்கிறேன். ஒரே மாம்சம் என்று சொன்னவர் பாதிப் பேரிடம் மட்டும் பேசிவிட்டுப் போவார் என்று எனக்குத் தோன்றவில்லை.

பவுல் கொரிந்துவில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாவோடு கூடாரத் தொழில் செய்துகொண்டே ஓய்வுநாள்தோறும் ஜெப ஆலயத்தில் பேசினார். கையில் ஒரு தொழில் இருந்தால் ஊழியம் மட்டமாகிவிடாது. சொல்லப்போனால் காணிக்கைக்காகப் பேச்சை மாற்ற வேண்டிய சோதனை பாதி குறையும்.

இப்போது பணம். இதில் நானே விழுந்திருக்கிறேன். வாலிபர் ஐக்கியத்தின் ரிட்ரீட்டுக்கு வசூலித்த பணத்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன், என் சொந்தப் பணமும் அதே பையில். பஸ் டிக்கெட், டீ, ஒரு நண்பனுக்குக் கைமாற்று என்று போய், கணக்குக் கொடுக்கிற அன்று 230 ரூபாய் குறைந்தது. திருடவில்லை. ஆனால் எங்கே போனது என்று சொல்லவும் தெரியவில்லை. சம்பளத்தில் இருந்து போட்டுக் கட்டினேன், யாரும் எதுவும் சொல்லவில்லை, அடுத்த வருடம் பொருளாளராக வேறு ஆளைப் போட்டார்கள். அவர்கள் செய்தது சரி.

எனவே முதல் ரூபாயில் இருந்தே பழகுங்கள். ஊழியப் பணத்துக்குத் தனிக் கவர் அல்லது தனிக் கணக்கு. எண்ணும்போது இரண்டு பேர். கொடுத்தவருக்கு ரசீது, ஐம்பது ரூபாயானாலும். உங்கள் பெயரில் இருக்கிற யூபிஐ எண்ணுக்கு ஊழியக் காணிக்கை அனுப்பச் சொல்லவே வேண்டாம். எருசலேமுக்குத் தர்மப் பணத்தைக் கொண்டுபோகையில் பவுல் தனியாகப் போகவில்லை. ஒருவரும் குற்றப்படுத்தாதபடிக்கு என்று காரணம் சொல்லி, சபைகள் தெரிந்தெடுத்த ஆட்களையும் சேர்த்துக்கொண்டார். பவுலுக்கே அது தேவைப்பட்டிருக்கிறது.

ஆறாம் படி: கற்றுக்கொள்ளப் போங்கள்

ஐடா ஸ்கடருக்கு அந்த இரவு நடந்தது 1890இல். அவர் மருத்துவராக வேலூருக்கு வந்தது 1900இல். நடுவில் பத்து வருடம் போனது. அமெரிக்கா போய்ப் படித்தார். கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 1899இல் பட்டம் பெற்றார். அதன் பிறகு சிறிய அளவில் மருத்துவம் பார்க்கத் தொடங்கி, 1902இல் நாற்பது படுக்கைகள் கொண்ட மருத்துவமனை, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி என்று வளர்ந்தது. அந்த இரவின் அழுகையோடு அவர் மறுநாளே பிரசவம் பார்க்கக் கிளம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

குருத்துவப் பணிக்கு என்றால் வழி ஓரளவு தெளிவானது. சேகரத்தின் பரிந்துரை, திருமண்டலத்தின் தேர்வு, பிறகு இறையியல் படிப்பு. 1818இல் தொடங்கி 1827இல் டென்மார்க் அரசரின் பட்டயம் பெற்ற செராம்பூர் கல்லூரியின் பெயரில்தான் நம் நாட்டின் பல இறையியல் கல்லூரிகள் பி.டி. என்ற இறையியல் இளநிலைப் பட்டம் கொடுக்கின்றன. மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரி, சென்னையில் குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரி என்று தமிழ்நாட்டிலேயே இடங்கள் உண்டு. பெண்களுக்கும் இந்த வழி உண்டு. தென்னிந்தியத் திருச்சபையில் 1976 முதல் பெண்கள் குருப்பட்டம் பெறுகிறார்கள். ஆறு வாரத்தில் “டாக்டர்” பட்டம் கொடுக்கிற இடங்களின் விளம்பரம் உங்கள் போனுக்கு வரும். அதற்குக் கட்டுகிற பணத்தில் நல்ல வேத அகராதி ஒன்று வாங்கலாம்.

வேறு மொழி மக்களிடம் போக ஆசை என்றால் அசரியாவைப் படியுங்கள். வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்தவர், ஒய்.எம்.சி.ஏ. செயலாளராக ஊர் ஊராகச் சுற்றியவர். 1902இல் யாழ்ப்பாணம் போனபோது அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே மிஷனரிகளை அனுப்பித் தாங்குவதைப் பார்த்தார். நம் திருநெல்வேலியில் இவ்வளவு சபைகள் இருந்தும் ஏன் இல்லை என்ற கேள்வி அவரை விடவில்லை. 1903 பிப்ரவரியில் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. மற்றவர்களை அனுப்பிக்கொண்டிருந்தவர் 1909இல் தானே தோர்ணக்கல்லுக்குக் குடும்பத்தோடு போனார், தெலுங்கு கற்றார். 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். பேராயர் என்பதைத்தான் நாம் பெருமையாகச் சொல்வோம். எனக்கு அந்தத் தெலுங்குதான் பெரிதாகத் தெரிகிறது. முப்பத்தைந்து வயதில், சரளமாகத் தமிழும் ஆங்கிலமும் பேசுகிற ஒருவர், குழந்தை போல எழுத்துக் கூட்டி வாசிக்கக் கற்பதற்கு எவ்வளவு பணிவு வேண்டும்!

ஏழாம் படி: யாரோடு சேரப் போகிறீர்கள்

தனி ஊழியம், சபை, மிஷனரி சங்கம் என எதுவானாலும் சேரும் முன் நாலு விஷயம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வருடக் கணக்கு தணிக்கை செய்யப்படுகிறதா, அதைப் பார்க்கலாமா? தலைவருக்கு மேலே அவரைக் கேள்வி கேட்க ஒரு குழு இருக்கிறதா, அந்தக் குழுவில் அவருடைய மனைவி, மகன், மருமகன் தவிர வேறு யாராவது உண்டா? ஊழியருக்கு மாதப் படி எவ்வளவு, நோய் வந்தால் யார் பார்ப்பார்கள், விடுப்பு உண்டா? விலகிப் போனவர்கள் ஏன் போனார்கள்? கடைசிக் கேள்விக்கு அவர்கள் முகம் எப்படி மாறுகிறது என்று கவனியுங்கள். நல்ல இடங்கள் கோபப்படாமல் பதில் சொல்லும்.

எட்டாம் படி: வேலை மாறும், அதற்கு மனதை வையுங்கள்

மிஷனரி ஏமி கார்மைக்கேல் முதலில் போனது ஜப்பானுக்கு, 1893இல். உடம்பு ஒத்துக்கொள்ளாமல் திரும்பினார். இந்தியாவுக்கு வந்தது 1895இல். திருநெல்வேலிச் சீமையில் தமிழ்ப் பெண்கள் குழுவோடு மாட்டு வண்டியில் கிராமம் கிராமமாகச் சுவிசேஷம் சொல்லிக்கொண்டிருந்தார், அதுதான் தன் அழைப்பு என்று இருந்தார். 1901இல் கோவிலுக்கு விடப்படவிருந்த ஒரு சிறுமி தப்பி அவரிடம் வந்தாள். அவளைத் தொடர்ந்து பிள்ளைகள் வந்துகொண்டே இருந்தார்கள், டோனாவூரில் அவர்களுக்கு வீடு உருவானது. கைக்குழந்தைகளுக்குப் பால் காய்ச்சி, நகம் வெட்டி, இரவெல்லாம் தூக்கிச் சுமந்தால் சுவிசேஷப் பயணத்துக்கு நேரம் எங்கே? பிரசங்க வேலையை விட்டுத் தாதி வேலையா என்ற கேள்வி அவருக்குள்ளும் வந்தது. ஆண்டவர் துண்டைக் கட்டிக்கொண்டு சீஷர்களின் கால் கழுவியதை நினைத்து அந்தக் கேள்விக்கு முடிவு கட்டினார். 1931இல் விழுந்து அடிபட்டார். அதன் பிறகு 1951இல் இறக்கும்வரை பெரும்பாலும் தன் அறையிலேயே, படுக்கையில். அங்கிருந்து எழுதிக்கொண்டே இருந்தார்.

முதலில் கேட்ட அழைப்பின் வடிவத்தையே இறுகப் பிடித்துக்கொண்டிருந்தால் இதில் பாதி நடந்திருக்காது.

சோர்வுக்கும் ஒரு வார்த்தை. எலியா சூரைச்செடியின்கீழ் படுத்துச் சாக வேண்டும் என்று கேட்டபோது தூதன் முதலில் செய்தது தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து எழுப்பியது. சாப்பிட்டார், மறுபடி தூங்கினார், மறுபடி சாப்பிட்டார். ஓரேப் மலைக்குப் போவதெல்லாம் அப்புறம். வாரத்தில் ஒரு நாள் போனை அணைத்துவிட்டு வீட்டில் இருங்கள். மூன்று முழு இரவு ஜெபம் நடத்திவிட்டு நான்காம் நாள் பிள்ளைகளிடம் எரிந்து விழுவதால் யாருக்கு லாபம்?

ஒன்பதாம் படி: “இல்லை” என்று வந்தால்

ஒரு வருடம் முடிந்து, நோட்டைத் திருப்பிப் பார்த்து, மூன்று பேரிடமும் கேட்டு, கணக்கும் போட்டு, முழுநேர வேலை உங்களுக்கு இல்லை என்று தெரிய வரலாம். அவமானப்பட எதுவும் இல்லை. ஆலயம் கட்ட தாவீது ஆசைப்பட்டான். அப்படி உன் மனதில் இருந்தது நல்லதுதான், ஆனால் கட்டப்போவது நீ இல்லை என்றார் கர்த்தர். தாவீது முறுக்கிக்கொண்டு போகாமல் பொன்னும் வெண்கலமும் கேதுரு மரமும் சேர்த்து வைத்தான். கதரேனர் நாட்டில் பிசாசு நீங்கின மனிதன் இயேசுவோடு படகில் வரத் தானே கேட்டான், கெஞ்சினான். அவர் அனுமதிக்கவில்லை. உன் வீட்டாரிடத்தில் போய்ச் சொல் என்று அனுப்பிவிட்டார். “என் பின்னே வா” என்று எத்தனையோ பேரைக் கூப்பிட்டவர், வருகிறேன் என்ற ஒருவனை வீட்டுக்கு அனுப்பியதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

என் விஷயத்தில் அப்படித்தான் ஆனது. இருபத்தேழு வயதில் திருமண்டல அலுவலகத்தில் விண்ணப்பப் படிவம் வாங்கி வந்தேன். உபதேசியாரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டு முழுவதையும் வாசித்துவிட்டு, “எழுதுறதுன்னா எழுது. ஆனா ரெண்டாங் கிளாஸுல நீ இருக்கும்போது பிள்ளைங்க மொகத்தப் பாத்திருக்கேன்” என்றார். அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை. ஆறு மாதம் ஜெபித்தேன். படிவம் நிரப்பப்படாமலே பீரோவில் பழைய ரேஷன் கார்டோடு கிடக்கிறது. உபதேசியார் காலமாகிப் பல வருடம் ஆகிவிட்டது. அவருடைய பேத்தி இப்போது எனக்கு உதவி ஆசிரியை. அவள்தான் வருகைப் பதிவேட்டை எடுக்கிறாள், கதவைத் திறந்து வைக்கிறாள்.

போன ஞாயிறு யோனா பாடம். பதினொரு பேர் வந்திருந்தார்கள். யோனா யோப்பாவுக்குப் போய், தர்ஷீசுக்குப் போகிற கப்பலைக் கண்டு, கூலி கொடுத்து ஏறினான் என்று சொல்லிவிட்டுப் பலகையில் மீன் வரையத் திரும்பினேன். பின்வரிசையில் இருந்து ஒரு கை எழுந்தது.

“சார், அவன் தர்ஷீசுக்குப் போகலைல. டிக்கெட் காசத் திரும்பக் குடுத்தாங்களா?”